இடப்பக்கம் விலகும் அம்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழைய வில்லை விற்றுவிடுவது என்று முடிவு. காரணத்தை எழுதிவைக்கிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லப் பொறுமை இல்லை.

சென்ற நவம்பர். சூரியன் இறங்கியபின் கிடைக்கும் அந்த அரைகுறை வெளிச்சம். இருபது கஜத்தில் ஓர் ஆண் மான், பக்கவாட்டில், தலை குனிந்து ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது. இதைவிட எளிதான குறி கிடைக்காது. என் அம்பு அதன் மார்புக்கு ஒரு முழம் இடப்பக்கம் பறந்துபோய் மரத்தில் குத்தி நின்றது. மான் ஓடக்கூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது.

அன்று கூட இருந்தவன் ஜெரால்டு. தூத்துக்குடிக்காரன், ஒரே கம்பெனி, பக்கத்து மேசை. இன்றுவரை திங்கட்கிழமை காலையில் காபிக் கோப்பையோடு வந்து நிற்பான். "மாப்ள, மரம் எப்படி இருக்கு? காயம் ஆறிருச்சா?"

இங்கே விஸ்கான்சினில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். அதற்குள் புதியதை வாங்கிப் பழகியாக வேண்டும். நாம் படத்தில் பார்க்கும் வளைந்த மூங்கில் அல்ல இது. இரண்டு முனையிலும் உருளை வைத்தது. பாதி வழியில் அறுபது பவுண்டு கனக்கும் நாண், முழுதாக இழுத்ததும் பத்துப் பவுண்டுக்கு இறங்கிவிடும். மான் திரும்பும்வரை இழுத்தபடியே நிற்கலாம். நாண் நடுவில் ஒரு சின்ன வளையம். அதன் வழியாகப் பார்த்து, வில்லில் உள்ள குறிமுள்ளை மான்மேல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதில் தவற என்ன இருக்கிறது?

நான் தரப் பரிசோதனைப் பொறியாளன். ஹைட்ராலிக் வால்வு. விளம்பரத்தைப் பார்த்துப் பொருள் வாங்குகிற பழக்கம் இல்லை. நான்கு வில்களைத் தேர்ந்தெடுத்து அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கம்பெனிப் பெயர் எழுதினால் மனம் ஒரு பக்கம் சாயும். அதனால் அ, ஆ, இ, ஈ.

இதழினி பார்த்துவிட்டு, "அப்பா, இது என்னோட எழுத்து" என்றாள். நான்கு வயது. கிரேயானை எடுத்து 'அ'வைச் சுற்றி வட்டம் போட்டாள். இடது கையால். வாங்கி வலது கையில் வைத்தேன்.

இதுவும் இந்த வருட வேலைகளில் ஒன்று. டிசம்பரில் காங்கேயத்தில் என் தம்பி கல்யாணம். போன முறை ஊருக்குப் போனபோது குலதெய்வக் கோயிலில் பூசாரி திருநீறு நீட்ட, இவள் இடக்கையை நீட்டினாள். அவர் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சத்தமாக, "ஏன் சபரி, அமெரிக்காவுல சோத்துக்கையே கெடையாதா?" என்றார். இவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

டிசம்பருக்குள் சரிசெய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மஞ்சள் கிரேயான் உடைந்துவிட்டது. வலது கையில் தேவைக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

வில் கடை. பின்பக்கம் நீளமான கொட்டகை, அதற்குள்ளேயே எய்து பார்க்கலாம். பாதி விளக்கு எரியவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு வேட்டைக் கதை வைத்திருக்கிறார். கதை வேண்டாம், வில்லைக் கொடுங்கள் என்றேன்.

அ: வேகம் பிரமாதம். சத்தம் அதிகம். எய்தபின் கையில் உதறுகிறது. அம்புகள் நடுவிலிருந்து நான்கு விரல் இடப்பக்கம்.

ஆ: மென்மையாக இழுக்கிறது. எடை குறைவு. அம்புகள் நான்கு விரல் இடப்பக்கம்.

இரண்டிலும் குறிமுள்ளைக் கடையில் சரியாகப் பொருத்தவில்லை என்று சொன்னேன். பொருத்தியது தான்தான் என்றார் கடைக்காரர். அதைத்தான் சொல்கிறேன் என்றேன். ஜெரால்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஏல, ஊருக்குள்ள ஒரே ஒரு வில்லுக் கடைதான் இருக்கு. அவன்ட்டயும் சண்டை போட்டுட்டா நாளைக்குக் கவட்டைய வச்சுத்தான் மான் அடிக்கணும்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் நடந்தது. இதழினி ஸ்பூனை இடது கையில் எடுக்கிறாள். நான் வலது கைக்கு மாற்றுகிறேன். தயிர் சோறு முடியும்வரை இதுவே.

பிரதீபா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏனுங்க, புள்ள சாப்புடட்டுமுங்களே" என்றாள்.

"சாப்பிடட்டும். கை மட்டும் மாறட்டும்."

"அவ கை என்ன உங்க கம்பெனி வால்வா? சரியில்லீன்னு கழட்டி மாத்திப் போடறதுக்கு?"

"டிசம்பர்ல உங்க பெரியம்மா ஆரம்பிச்சு எல்லாரும் கேப்பாங்க. அப்ப நீ பதில் சொல்லு."

"சொல்றனுங்க. எங்க பெரியம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். உங்க பெரியப்பாவுக்கு நீங்க சொல்ல முடியுங்ளா? அதச் சொல்லுங்க மொதல்ல."

பழக்கம் என்பது பயிற்சிதான் என்று விளக்கினேன். சின்ன வயதில் மாற்றினால் சுலபம், இறுகியபின் கஷ்டம். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாத்திரம் வைக்கும் சத்தத்தில் கருத்து இருந்தது.

இதழினி பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

மறுபடியும் கடை.

இ: நான்கில் இதுதான் சரியான வில். வேகமும் உண்டு, சத்தமும் குறைவு. இழுத்தபின் கை மரம்போல நிற்கிறது.

ஈ: பழைய வடிவமைப்பு. எடை அதிகம், வேகம் குறைவு. பட்டியலில் இதை ஏன் சேர்த்தேன் என்றே தெரியவில்லை.

இரண்டும் நான்கு விரல் இடப்பக்கம்.

ஜெரால்டு குறிப்பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாப்ள, நாலு வில்லும் நாலு கம்பெனி. நாலும் ஒண்ணு போல ஒரே பக்கம் கோணலா இருக்குமால?"

"அம்போட விறைப்பு ஒத்துவரலை. அதனாலதான்."

"நாலுக்கும் அம்பை மாத்தி மாத்தித்தான போட்ட?"

பலகையிலிருந்து அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவன் வலது கைக்காரன். என் அம்புகளையே வாங்கி 'ஈ'யில் வைத்து எய்தான். அம்புகள் நடுவில் போய்க் குத்தின. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகையை நீண்ட நேரம் ரசித்தான். அவனுக்கு இழுக்கும் நீளம் வேறு, உயரம் வேறு. ஒப்பிட முடியாது.

'இ'யை முன்பணம் கட்டி மூன்று வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தீட்டினேன். கூரை மழைநீர்க் குழாயில் இலை அடைப்பு எடுத்தேன். ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிவிட்டது என்று பிரதீபா கொண்டுவந்தாள். திறந்து கொடுத்தேன். "எல்லாரும் அந்தக் கையில திருப்பினா நீங்க மட்டும் பாட்டில அந்தக் கையில புடிச்சு மூடிய இந்தக் கையில திருப்பறீங்க" என்றாள். எந்தக் கை என்று பார்ப்பதற்குள் திறந்துவிட்டது. ஊறுகாய் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இதழினியின் குளிர்காலக் கையுறை பெட்டியில் கிடந்தது. சிவப்பு, விரல் பிரியாதது, மணிக்கட்டில் இறுக்கும் பட்டை உண்டு. அதைச் சாப்பாட்டு நேரத்தில் இடது கையில் போட்டுவிட்டேன். வலி கிடையாது. கையைத் தட்டுவதுமில்லை, திட்டுவதுமில்லை. இடது கையால் ஸ்பூன் பிடிக்க முடியாது, ஆகவே வலது கை பிடிக்கும். சுத்தமான தீர்வு.

முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கையுறையைப் பொம்மையாக்கி அதனோடு பேசினாள். பிறகு பட்டையைப் பல்லால் இழுத்தாள். பிறகு அழுதாள். பிறகு வலது கையால் சாப்பிட்டாள்.

பிரதீபா மேசைக்கு வரவில்லை.

பலன் தெரிகிறது.

ஆகஸ்ட் 23, சனி

வில் கிளப் மைதானம். நடுப்பகல், நல்ல வெயில். கடைக் கொட்டகையில் நான்கு விரல் இடப்பக்கம் போனதைக் கணக்கில் கொண்டு 'இ'யின் குறிமுள்ளை முன்பே நகர்த்தியிருந்தேன். இப்போது நடுவில் குத்த வேண்டும்.

குத்தவில்லை. எல்லாம் வலப்பக்கம்.

குறிமுள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். நடுவில் குத்தியது. சரி என்று விட்டுவிட்டு, மாலை வெளிச்சம் மங்கியதும் மறுபடி எய்தேன். இடப்பக்கம்.

ஒரு வில் மதியம் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளாது. இரும்புக்கும் நாணுக்கும் நேரம் தெரியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தில் வைத்தாலும் பாகம் ஒரே அளவு தவறாக வந்தால், இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அளக்கும் கருவியைத்தான் சோதிப்பேன். நான்கு வில்லுக்கும் பொதுவான கருவி ஒன்றுதான். இதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

சோதனை எளிது. இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்னச் சந்து விட்டு, அதன் வழியே சமையலறைக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் மூடியதும் கடிகாரம் மறைகிறதோ அதுதான் குறி பார்க்கும் கண்.

வலக்கண்ணை மூடினேன். கடிகாரம் இருந்தது. இடக்கண்ணை மூடினேன். சுவர் மட்டும்.

திரும்பத் திரும்பச் செய்தேன். சுவர்.

ஆக, வெயிலில் நாணின் வளையம் வழியே வலக்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது வேலை பார்க்கிறது. வெளிச்சம் குறைந்தால் வளையம் இருண்டுவிடுகிறது. இடக்கண் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. அம்பு அது பார்க்கும் பக்கம் போகிறது. நவம்பர் மானும் அப்படித்தான் தப்பியது.

இதழினி கதவருகே நின்று என்னைப் போலவே கையை நீட்டிச் சந்து வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதீபா அவள் பின்னால் வந்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்தினாள். "இப்பத் தெரியுதா கண்ணு? இப்ப?"

முடிவைப் பிரதீபா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வழிகள் இரண்டு. ஒன்று, இடது கை வில் வாங்கி, இடக்கையால் நாண் இழுத்து, முதலிலிருந்து பழகுவது. மாதக்கணக்கில் ஆகும், பருவம் போய்விடும். இரண்டு, வலது கை வில்லே போதும் என்று இடக்கண்ணை மறைத்துவிடுவது. பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் டேப் ஒட்டினால் முடிந்தது.

இரண்டாவதே சரி. கண் தானாகப் பழகிக்கொள்ளும்.

சமையலறையில் உட்கார்ந்து டேப்பை அளவாக வெட்டி ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். இதழினி எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கையுறையோடு. என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உன் கண்ணு தப்புப் பண்ணுச்சா?"

"இல்ல. சும்மா."

"யாரு கட்டிவிட்டாங்க?"

"நானேதான்."

"அழாத அப்பா. சாப்பிட்டு முடிச்சதும் கழட்டிருவாங்க."

பிரதீபா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கொல்லைப்புறத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. இந்த வருடம் அங்கே செடி எதுவும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

டேப் கண்ணாடியுடன் கிளப் மைதானம். அம்புகள் நேர்கோட்டில் போகின்றன. ஆனால் தூரம் பிடிபடவில்லை. பதினைந்து கஜம் என்று நினைத்தது இருபத்திரண்டாக இருக்கிறது. ஒற்றைக் கண்ணால் ஆழம் தெரியாது. தலைவலி வேறு.

ஜெரால்டு பின்னால் நாற்காலி போட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். "மாப்ள, கண்ணைக் கட்டிக்கிட்டு உறியடிக்கிறதுக்கு எங்க ஊர்ல பரிசு உண்டு. இங்க மான்தான் நிக்கும். பேசாம இடது கை வில்லு வாங்கு."

"புதுசாப் பழகணும். டைம் இல்ல."

"நல்ல கண்ணை மறைச்சுட்டு நொள்ளக் கண்ணுக்குப் பாடம் நடத்துறதுக்கு மட்டும் டைம் இருக்கு. என்னல படிச்ச நீ?"

கடலைத் தோலை என் காலடியில் போட்டான். பொறுக்கச் சொன்னேன். பொறுக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

பள்ளி திறந்தாயிற்று. டீச்சர் பிரதீபாவை நிறுத்திப் பேசியிருக்கிறார். போன வசந்தத்தில் சுவர் நிறையப் படம் வரைந்த பிள்ளை, இப்போது வரைய உட்கார்ந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறதாம். எது வேண்டும் என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறதாம். வீட்டில் ஏதாவது மாற்றமா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லீன்னு சொன்னனுங்க. வேற என்னத்தச் சொல்றது? எங்கூட்டுக்காரரு புள்ள கையில ஒறை போட்டுவிடறாருன்னு சொல்லட்டுங்ளா? இந்த ஊர்ல அப்படிச் சொன்னா புள்ளையக் கூட்டிட்டுப் போக வூட்டுக்கு யாரு வருவாங்கன்னு தெரியுமில்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 6, சனி

ஊருக்கு வீடியோவில் பேசினேன். விமான டிக்கெட் தேதி, மாப்பிள்ளைக்கு எடுக்க வேண்டிய கோட்டு, யார் யாருக்கு எந்த அறை. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இயந்திரம் பூட்டுகிறவராக இருந்தவர். எதையும் வரிசையாகத்தான் பேசுவார். கடைசியில், "புள்ள கை எப்படி இருக்குது? மாறீருச்சா?" என்றார்.

மாறிக்கொண்டிருக்கிறது என்றேன். கண் சோதனை பற்றியும் சொன்னேன், ஒரு தகவலாக. என் குறிக் கண் இடது என்று தெரியவந்தது, வில் விஷயத்தில் சின்னச் சிக்கல் என்று.

அப்பா சிரித்தார். "கண்ணு மட்டுமா? நீ முழுசா பீச்சாங்கைதானே சாமி! அதுங்கூட உனக்குத் தெரியாதா?"

திரை கொஞ்சம் உறைந்தது. பிறகு சரியானது.

"எல்லாத்தையும் அந்தக் கையிலதான் எடுப்ப. பந்தியில உக்காந்தா பக்கத்து எலைக்காரனுக்கு இடிக்கும். அப்பறம் உங்கம்மா பனியன் வேஸ்டுத் துணியில ஒரு பை மாரி தெச்சா. அதக் கையில மாட்டிக் கட்டி உட்டுட்டோம். மூணே மாசம். ஜம்முனு மாறீட்ட. சொன்ன பேச்சு கேக்கற புள்ள நீயி."

அம்மா போனை வாங்கினாள். அவளுக்குத் திரையில் முகம் எங்கே வைப்பது என்று தெரியாது. காது மட்டும் தெரிந்தது.

"நெம்ப அழுவடா. பையக் கட்டினா போதும், பக்கத்து மாவு மில்லு மூட்டைக்குப் பொறத்தால போயி உக்காந்துக்குவ. அந்த மூணு மாசமும் பேச்சே இல்ல. ஊமையாயிருச்சோன்னு நான் பயந்தே போயிட்டேன். அப்பறம் நல்லாத்தான பேசின?" இப்போது திரையில் ஒரு கண் தெரிந்தது. "இப்ப என்ன, நல்லாத்தான இருக்கற?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

அழைப்பு முடிந்ததும் காருக்கு எண்ணெய் மாற்றினேன். வடிகட்டியை எந்தக் கை திருகுகிறது என்று பார்த்தேன். இடது. போனை எந்தக் கையில் பிடித்திருந்தேன் என்று யோசித்தேன். இடது. ஆணி அடிப்பது, டார்ச் பிடிப்பது, பந்து எறிவது. யாரும் பார்த்துத் திருத்தாத வேலை எல்லாம் இடது. எழுதுவதும் சாப்பிடுவதும் மட்டும் வலது.

எண்ணெய் தட்டு நிரம்பி வழிந்து கராஜ் தரை கறுப்பாகிவிட்டது. உமி போட்டு உறிஞ்ச இங்கே உமி கிடைக்காது. கடையில் விற்கும் பூனைக் கழிவு மணலைக் கொட்டித் துடைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கடைக்கு 'இ'யைத் திருப்பிக் கொண்டுபோனேன். இடது கை வில் இருக்கிறதா என்று கேட்டேன். அ, ஆ, இ மூன்றுக்கும் சொல்லிவைத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கையிருப்பில் உள்ளது 'ஈ' மட்டும். என் அட்டவணையில் கடைசி. வேகமில்லை, எடை அதிகம்.

இடது கையால் இழுத்தேன். முதுகில் அந்தப் பக்கத் தசை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. வில் நடுங்கியது. விசையைக் குறைத்துத் தரச் சொன்னேன். நாற்பது பவுண்டுக்கு இறக்கினார். புதிதாகப் பழகும் பெண்ணுக்கு வைக்கும் அளவு என்று கதை ஆரம்பித்தார். இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே இருட்டுக் கொட்டகை. இரண்டு கண்ணும் திறந்தபடி. கை ஆடியது, குறிமுள் ஆடியது, ஆனால் நாணின் வளையத்துக்குள் ஒரே ஒரு பலகைதான் தெரிந்தது. இரண்டாவது பலகை ஒன்று எப்போதும் ஓரத்தில் மங்கலாக நிற்கும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்புகள் மேலும் கீழும் சிதறின. இடப்பக்கம் ஒன்றும் போகவில்லை.

வாங்கிவிட்டேன்.

ஜெரால்டுக்குப் போன் செய்து, இந்தப் பருவத் தொடக்கத்துக்கு நான் இல்லை, நீ தனியாகப் போ என்றேன். "மரத்துட்ட சொல்லிருதேன்" என்றான்.

செப்டம்பர் 10, புதன்

இடக்கையைப் பழக்க எல்லா வேலையையும் அதனால் செய்யச் சொல்கிறார்கள். பல் துலக்குவது நன்றாக வருகிறது. கையெழுத்து நான்கு வயதுப் பிள்ளையுடையது போல இருக்கிறது.

நேற்றும் இன்றும் கையுறையை எடுக்கவில்லை. மேசையருகே ஆணியில் தொங்குகிறது.

செப்டம்பர் 13, சனி

பருவம் தொடங்கியது. ஜெரால்டு விடியும் முன் போய்விட்டான். நான் துணி துவைத்தேன்.

மாலைச் சாப்பாடு. போன வருட மான் கறியில் கடைசிப் பொட்டலம். ஜெரால்டு அடித்தது, எனக்குப் பங்கு. பிரதீபா வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்திருந்தாள். ரசம், சோறு.

இதழினி நாற்காலியிலிருந்து இறங்கினாள். ஆணிக்கு எட்டவில்லை, சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிக் கையுறையை எடுத்தாள். என்னிடம் வந்து, இடது கையை நீட்டி நின்றாள்.

நான் சொல்லாமலே. அழாமல். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

பிரதீபா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள்.

கையுறையை வாங்கி மேசையில் வைத்தேன். என் தட்டில் ரசத்தை ஊற்றி, இடது கையால் பிசைந்து, இடது கையால் எடுத்தேன். பாதி வாய்க்குப் போனது. மீதி சட்டையில். ரசம் மணிக்கட்டு தாண்டி முழங்கைக்கு ஓடியது. என் வாழ்க்கையில் தட்டில் அந்தக் கையை வைத்தது அதுதான் முதல் முறை. இல்லை. எனக்கு நினைவிருக்கும் முதல் முறை.

இதழினி முகம் மாறிவிட்டது. "அந்தக் கை இல்ல, அப்பா. இந்தக் கை."

என் வார்த்தைகள். என் தொனியும்கூட.

"அப்பாவுக்கு அந்தக் கைதான்" என்றேன்.

கையுறையை எடுத்து என் இடது கையில் மாட்டப் பார்த்தாள். இரண்டு விரலுக்குத்தான் போதுமானதாக இருந்தது. பட்டையை இறுக்க முயன்றாள், ரசம் வழுக்கியது. திரும்பத் திரும்ப முயன்றாள். பொறுமைசாலி, அது அவள் அம்மாவிடமிருந்து வந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளாக நிறுத்தும்வரை வைத்திருந்தேன்.

"சேரல" என்றாள்.

"ஆமா. சேராது."

கையுறையைக் கீழே போட்டாள். தன் கையைப் பார்த்தாள். "எனக்கு?"

"உனக்கும் சேராது."

நாற்காலியில் ஏறினாள். ஸ்பூனை இடது கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள், மறுபடி பார்த்தாள். மூன்றாவது வாய்க்குப் பார்க்கவில்லை.

பிரதீபா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "ஏனுங்க, அப்பனும் மகளும் சாப்பிட்டு முடிச்சதும் தரையத் தொடைக்கறது யாருங்க?"

நானே துடைத்தேன். இடது கையால்.

செப்டம்பர் 27, சனி

'ஈ', பதினைந்து கஜம், மாலை வெளிச்சம். நடுவுக்கு இரண்டு விரல் மேலே. நாற்பத்தைந்து பவுண்டு இழுக்க முடிகிறது. நவம்பருக்குள் காட்டுக்குப் போகலாம்.

ஃபிரிட்ஜில் அட்டவணையின்மேல் இதழினி ஒரு மான் வரைந்திருக்கிறாள். ஆறு கால். பக்கத்தில் ஒரு மரம், அதன்மேல் ஓர் அம்பு. ஜெரால்டு வீட்டுக்கு வந்தபோது இவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பா அழைத்தார். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதாம். "புள்ளைய மாத்தீட்டியா?"

"இல்லீங்கப்பா. மாத்தறதா இல்ல."

"ஏஞ்சாமி, இன்னும் ரெண்டு மாசம் இருக்குதில்ல?"

"அவ அப்படியே வரட்டுங்க. கல்யாணத்துல நானும் இடது கையிலதான் சாப்புடுவேன்."

அந்தப் பக்கம் அம்மாவின் குரல், தூரத்திலிருந்து: "சாப்புடட்டும், உடுங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். "உங்க பெரியப்பன் பாத்தா பந்தியிலயே கேப்பாரு."

"கேக்கட்டுங்க. அவருக்குப் பக்கத்து எலையில எனக்கு எடம் போடுங்க. இடது பக்கம் வேண்டாம், வலது பக்கம். கை இடிக்கோணும்."

வைத்துவிட்டேன்.

ரசம் இன்னும் முழங்கை வரை ஓடுகிறது. டிசம்பருக்குள் சரிசெய்ய வேண்டும்.